மரக்கரண்டி செதுக்கல்: வீட்டுத் தேவையிலிருந்து பொழுதுபோக்கு வரை

முன்னுரை

மூழை, சட்டுவம், துடுப்பு, அகப்பை எனத் தமிழில் கரண்டிக்குப் பெயர்கள் பல. நாலடியாரில் மூழையும் சிவவாக்கியர் பாடலில் சட்டுவமும் சுவையறியாமைக்கு உவமைகளாக வருகின்றன. உணவோடு ஓயாது பழகியும் அதன் சுவையை உணராத பொருள் என்பதே அவ்வுவமைகளின் அடிப்படை. அப்பொருளைச் செதுக்கிய கையைப் பற்றி அவ்விடங்களில் பேச்சில்லை. ஐரோப்பாவின் வடபகுதியிலோ, இதே எளிய பொருளைச் செதுக்குதல் கல்விமுறையின் ஒரு கூறாகவும் பின்னர்ப் பொழுதுபோக்காகவும் வளர்ந்தது. வருவாய் கருதாது மரக்கரண்டி செதுக்குதல் எவ்வாறு மதிப்புக்குரிய செயலாயிற்று என்பதையும், அதன் பின்னிருந்த கருத்து இந்தியச் சூழலில் ஏன் வேறு திசையில் சென்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குளிர்காலக் கைவேலை

சுவீடன், பின்லாந்து, நார்வே ஆகிய நாடுகளில் நீண்ட குளிர்காலம் உழவுக்கு இடந்தராது. அக்காலத்தில் உழவர் குடும்பங்கள் தமக்கு வேண்டிய கலன்களையும் கருவிகளையும் தாமே செய்துகொண்டன. இவ்வீட்டுக் கைவேலையைச் சுவீடிய மொழி 'ஸ்லாய்டு' என்னும் சொல்லால் குறிக்கிறது. கைத்திறன், நுண்திறன் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் வழிவந்தது அது.

அன்புக்குரியவருக்குக் கரண்டி செதுக்கித் தரும் வழக்கமும் ஐரோப்பாவில் இருந்தது. வேல்சு நாட்டின் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட 'காதல் கரண்டி' ஒன்று உள்ளது. விற்பனைக்கன்றி விருப்பத்தினால் செதுக்கும் மரபின் தொன்மைக்கு அது சான்றாகும்.

நேஸ் பள்ளியும் ஓட்டோ சாலமனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைப் பொருள்கள் பெருகியபோது வீட்டுக் கைவேலை தளர்ந்தது. அந்நிலையில் அதனைக் கல்விக்குள் கொண்டுவந்தவர் பின்லாந்தின் ஊனோ சிக்னேயஸ் (1810-1888). அவரது முயற்சியால் 1866இல் கைவேலை அந்நாட்டு மக்கள் பள்ளிகளில் இடம்பெற்றது. சுவீடனில் ஓட்டோ சாலமன் (1849-1907), தம் மாமன் ஆகஸ்ட் ஆபிரகாம்சனின் நேஸ் பண்ணையில் 1870களில் கைவேலைப் பள்ளியையும் ஆசிரியர் பயிற்சியையும் தொடங்கினார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கு வந்து பயின்றனர்.

சாலமனின் நோக்கம் தச்சர்களை உருவாக்குவதன்று. உழைப்பின்மீது மதிப்பு, தற்சார்பு, கவனம், கண்ணும் கையும் இசைந்தியங்கும் பயிற்சி ஆகியவற்றை வளர்ப்பதே அவர் கருதிய பயன். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வரிசையில் மாதிரிப் பொருள்கள் அமைக்கப்பட்டன. அழகுப் பொருள்களுக்கு மாறாக வீட்டிற்குப் பயன்படும் பொருள்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. நாட்டுப்புறச் சிறுவர் நன்கறிந்த கத்தியே முதன்மைக் கருவியாயிற்று. மாணவர் எக்குடியிற் பிறந்தவராயினும் அதே வரிசையைப் பின்பற்றினார் என்பது இம்முறையின் உயிர்நாடி எனலாம். ஆயினும் மரவேலை தொடக்கத்தில் பெரும்பாலும் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. நெசவும் தையலும் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டன.

பசுமரமும் மூன்று கருவிகளும்

இருபதாம் நூற்றாண்டில் கரண்டி செதுக்கலைத் தனிக்கலையாகப் பரப்பியவருள் வில்லே சண்ட்குவிஸ்ட் (1925-2018) குறிப்பிடத்தக்கவர். வட சுவீடனைச் சேர்ந்த அவர் இளமையிலேயே கோடரியும் கத்தியும் பழகியவர். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் கற்பித்தார். அவரது செதுக்குமுறை நூல் 1990இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஈடேல் சிற்றூரில் கரண்டி செதுக்குவோர்க்கென 'ஸ்பூன்ஃபெஸ்ட்' என்னும் விழா தொடங்கப்பட்டது.

இக்கலைக்கு வேண்டுவன பசுமரத்துண்டு, கோடரி, நேர்க்கத்தி, குழிவு தோண்டும் வளைகத்தி ஆகியவையே. உலர்ந்த மரத்தைவிடப் பசுமரம் கத்திக்கு எளிதில் இணங்கும். கோடரியால் உருவம் பிரித்து, கத்தியால் வடிவம் தீட்டி, மெல்ல உலரவிடுவர். விரைந்து உலர்ந்தால் மரம் வெடிக்கும். இயல்பாக வளைந்த கிளையைத் தேர்வது தேர்ந்தவர் வழக்கம். மரநார் கரண்டியின் வளைவோடு சேர்ந்தே ஓடுவதால் கழுத்துப் பகுதி முறிவதில்லை. நேரான பலகையில் அதே வளைவை வெட்டினால் நார் இடையில் அறுபட்டு வலுக்குன்றும். மரத்தின் போக்கை அறிந்து அதற்கேற்பக் கை இயங்க வேண்டும் என்னும் இந்நுட்பம் சாலமன் கூறிய கண்-கைப் பயிற்சிக்குத் தக்க விளக்கமாகும்.

இந்தியத் தொடர்பு

நேஸ் பள்ளிக்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாந்திநிகேதனைச் சேர்ந்த லட்சுமீசுவர் சின்கா 1920களின் இறுதியில் சுவீடன் சென்று ஸ்லாய்டு பயின்றார். எஸ்பெராண்டோ மொழியறிஞருமான அவர், சுவீடனைப் பற்றி அம்மொழியில் எழுதிய நூல் 1936இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டது. எனினும் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. மாணவர் செய்த பொருளின் வருவாய் பள்ளியைத் தாங்க வேண்டும் என்று ஆதாரக் கல்வி எதிர்பார்த்தது. ஸ்லாய்டு வருவாயை நோக்கமாகக் கொள்ளவில்லை.

சென்னை மாநிலத்தில் 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இதனினும் வேறுபட்டது. பள்ளிநேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் பழகலாம் என அது வகுத்தது. கையுழைப்பின் மதிப்பை உணர்த்துவதே நோக்கம் என அதன் ஆதரவாளர் கூறினர். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது.

நேஸில் உழவர் மகனும் வணிகர் மகனும் அதே கரண்டியைச் செதுக்கலாம். 1953ஆம் ஆண்டுத் திட்டத்திலோ தச்சர் மகன் உளியையும் குயவர் மகன் சக்கரத்தையும் நோக்கியே திருப்பப்பட்டனர். எதிர்ப்பு கைவேலையின்மீது எழுந்ததன்று, கைவேலையைப் பிறப்போடு பிணைத்ததன்மீது எழுந்தது என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது.

முடிவுரை

ஒரு செயல் பொழுதுபோக்காவதற்கு ஓய்வுநேரம் மட்டும் போதாது. அதனைச் செய்யவும் செய்யாதிருக்கவும் உரிமை வேண்டும். செய்வதால் எவரும் தாழ்வாகக் கருதப்படாத நிலையும் வேண்டும். வடஐரோப்பாவில் கரண்டி செதுக்கல் எந்த ஒரு குலத்திற்கும் உரியதாயிருக்கவில்லை. ஆதலின் தேவை நீங்கிய பின்னும் அது விருப்பமாக நிலைத்தது. தமிழகத்தில் உளி நெடுங்காலம் குலத்தின் அடையாளமாயிருந்தது. பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலை விட்டு வெளியேறுவதே இங்குப் பலருக்கு விடுதலையாயிற்று. கைவேலையைப் பள்ளிக்குள் மீண்டும் கொண்டுவர விழைவோர் இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே கருதுதல் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மரத்துண்டை ஏந்தும் வகுப்பறையில்தான் செதுக்கும் கை குலத்தைச் சுட்டாது, திறனை மட்டும் சுட்டும்.