ஒரே இடத்தில் சறுக்குவது ஏன்?

நீண்ட கணக்கு ஒன்றை மூன்று நண்பர்களிடம் தனித்தனியே கொடுக்கிறீர்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவில்லை. மூவருக்கும் ஒரே விடை வருகிறது. அது சரியான விடை என்றுதானே முடிவு கட்டுவீர்கள்?

இந்த நம்பிக்கை மிகப் பழையது. இன்றைய கணிப்பொறி தோன்றாத காலத்தில், கணக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர்கள் வானியல் அட்டவணைகளையும் கடற்பயண அட்டவணைகளையும் தயாரித்தனர். பாபேஜின் கணக்கிடும் எந்திரத்தைப் பற்றி 1834-இல் எழுதிய டயோனிசியஸ் லார்ட்னர், ஒரே கணக்கைப் பலரிடம் தனித்தனியே கொடுப்பதே பிழையைப் பிடிக்கும் உறுதியான வழி என்றார்; அவர்கள் வெவ்வேறு முறைகளில் போட்டால் இன்னும் நல்லது என்றும் கூறினார்.

1977-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அவிஷியெனிஸ், சென் ஆகியோர் இதே கருத்தை மென்பொருளுக்குப் பயன்படுத்தினர். ஒரே பணிக்குரிய நிரலைப் பல குழுக்கள் தனித்தனியே எழுதும். எல்லா நிரல்களும் ஒருங்கே இயங்கும். பெரும்பான்மை விடை ஏற்கப்படும். விமானம், அணு உலை போன்ற உயிர்காக்கும் பணிகளுக்கு இது பெரிதும் ஏற்றதாகத் தோன்றியது.

கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருந்தது. ஒரு நிரல் ஆயிரத்தில் ஒரு முறை தவறும் என்று கொள்வோம். இரண்டு நிரல்கள் ஒருசேரத் தவறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுதான்! ஆனால் நிகழ்தகவுகளை இவ்வாறு பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்: நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். தனித்தனியே எழுதிய நிரல்களின் பிழைகள் அப்படிப்பட்டவைதாமா?

இதை ஜான் நைட், நான்சி லெவசன் என்ற இருவரும் சோதனையில் இட்டனர். வர்ஜீனியா, கலிபோர்னியா (இர்வைன்) பல்கலைக் கழகங்களின் மாணவர்கள் ஒரே விவரக் குறிப்பைக் கொண்டு 27 நிரல்களை எழுதினார்கள். ரேடார் தகவல்களைப் பார்த்து, இடைமறிக்கும் ஏவுகணையைச் செலுத்தலாமா என்று முடிவு செய்வதே நிரலின் வேலை. மாணவர்கள் தமக்குள் கலந்து பேசக்கூடாது. ஒவ்வொரு நிரலும் முதலில் 200 சோதனைகளில் தேற வேண்டும். பிறகு எல்லா நிரல்களுக்கும் பத்து லட்சம் சோதனைகள்!

1986-இல் முடிவுகள் வெளிவந்தன. நிரல்கள் மோசமானவை அல்ல. ஆறு நிரல்கள் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆயினும் 1,255 சோதனைகளில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ நிரல்கள் ஒருசேரத் தவறின. இரு சோதனைகளில் எட்டு நிரல்கள் ஒன்றாகத் தவறின! சாராமை என்ற கருதுகோள் உண்மையானால் இவ்வளவு வர வழியில்லை. 99 சதவீத நம்பிக்கை அளவில் அது நிராகரிக்கப்பட்டது.

காரணம் என்ன? ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு கோணங்களை, குறிப்பிட்ட இலக்கங்கள் வரை மட்டும் ஒப்பிட வேண்டும். சிலர் கோணங்களை விட்டு அவற்றின் கொசைன்களை ஒப்பிட்டனர். 0 பாகையின் கொசைன் 1; 1 பாகையின் கொசைன் ஏறத்தாழ 0.9998. கோணம் மாறியும் கொசைன் அசையவில்லை, பார்த்தீர்களா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஒருவரையொருவர் பாராத யானைகளும் அதே வழுக்குப் பாறையில்தான் சறுக்குகின்றன.

ஆகவே இம்முறை பயனற்றது என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. எதிர்பார்த்த அளவு நன்மை கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது என்றே கூறினார்கள். எழுதியவர்கள் மாணவர்கள், எடுத்துக்கொண்ட கணக்கும் ஒன்றே என்பது இச்சோதனையின் எல்லை. சோதனை நடந்த விதத்தைக் குறைகூறியவர்களும் உண்டு. அவர்களுக்கு இருவரும் 1990-இல் பதிலளித்தனர். 1988-இல் பயணிகள் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ-320 விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகளிலும் வெவ்வேறு மென்பொருள்கள் இடம்பெற்றன.

புதிய முறை ஒன்றை யாரேனும் புகழ்ந்துரைத்தால், அதன் கணக்கு எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்த அனுமானத்தைச் சோதித்தவர் யார், எப்படி என்று அடுத்துக் கேளுங்கள்.