கடல்காற்று எப்போது வரும்?

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வானாய்வகத்தின் மிச்சம் அது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்க அமைத்த அந்த இடத்தில்தான் 1796 முதல் வானியலாளர் கோல்டிங்ஹாம் மெட்ராஸ் வெயிலையும் நாள்தோறும் குறித்துவைத்தார். அந்தப் பொறுமையின் மேல் எனக்குப் பெரும் மரியாதை.

ராயபுரத்தில் எங்கள் ஆயாவுக்குப் பஞ்சாங்கம்தான் கோடைக் கணக்கு: சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை கத்திரி. அன்றாட வெயிலுக்கோ கிழக்கு ஜன்னலில் ஈரப்புடவை. அது உள்பக்கம் புடைத்தால் கடக்காத்து வந்துவிட்டது. தொய்ந்தே கிடந்தால், "காத்து இன்னும் திரும்பல, மத்தியானம் வெளிய போவாத" என்பாள். அவள் சொன்னதில் அறிவியல் இருந்தது. மேற்கிலிருந்து தரைக்காற்று ஓங்கினால் கடல்காற்று கரையேறப் பிந்தும்; அன்றுதான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

கடல்காற்று வந்தால் வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும், வேர்வை உலராது. 2016 முதல் இந்திய வானிலைத் துறை கோடைக்கு முன்பே பருவ முன்னோட்டம் தருகிறது. வெப்பத்தோடு இந்தப் புழுக்கத்தையும் அது சேர்த்துச் சொன்னால்தான் எங்கள் கரைக்கு முழுதாகப் பயன்படும். மீன் கூடை சுமப்பவர்களையும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களையும் வாட்டுவது அந்தப் புழுக்கம்தான்.