குவாண்டம் கம்ப்யூட்டருக்கு ஆர்க்கிடெக்ட் எதற்கு? சீனியர்கள் செய்யும் வேலை இதுதான்!

வீட்டுக்கு பிளான் போடுபவர் ஆர்க்கிடெக்ட். குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒருத்தர் வேண்டும். சிப், குளிரூட்டும் கருவி, சாஃப்ட்வேர் என எல்லாவற்றையும் இணைத்து முழு பிளான் போடுவதுதான் சீனியர் குவாண்டம் ஆர்க்கிடெக்ட்டின் வேலை.

பெரிய தலைவலி எது?

பிழைதான். சாதாரண பிட், 0 அல்லது 1. க்யூபிட்டோ இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். லேசான வெப்பம் பட்டாலே அந்த நிலை கலைந்துவிடும். அதனால்தான் கூகுள், ஐபிஎம் சிப்கள் மைனஸ் 273 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் இயங்குகின்றன.

குளிர் மட்டும் போதுமா?

போதாது. பல க்யூபிட்களைச் சேர்த்து, நம்பகமான ஒரே க்யூபிட்டாக்க வேண்டும். எத்தனை சேர்ப்பது, எப்படி அடுக்குவது என முடிவு செய்வது ஆர்க்கிடெக்ட். கணக்கு தப்பினால், சேர்க்கச் சேர்க்க பிழையும் கூடும். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த 105 க்யூபிட் 'வில்லோ' சிப்பில், அடுக்கை 3-க்கு 3, 5-க்கு 5, 7-க்கு 7 எனப் பெரிதாக்கியபோது ஒவ்வொரு முறையும் பிழை சுமார் பாதியாகக் குறைந்தது.

நமக்கு என்ன?

பிழை கட்டுக்குள் வந்த பெரிய குவாண்டம் கம்ப்யூட்டரால், இணையத்தில் நம் தகவலைப் பூட்டிவைக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையை உடைக்க முடியும். இதற்கான வழியை 1994-லேயே கண்டுபிடித்தவர் பீட்டர் ஷோர். அந்த நாள் வருவதற்குள் பூட்டை மாற்றியாக வேண்டும். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்ட்டிலேயே புதிய பூட்டுகளுக்கான தரநிலைகளை வெளியிட்டுவிட்டது.