வாளின்றி ஒரு விடுதலை: அய்யா வைகுண்டரும் திருவிதாங்கூரின் இரு நீசர்களும்

சமயம் என்பது ஆள்வோரின் கைக்கருவி என்றொரு எண்ணம் நம் சிந்தனை உலகில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அதற்கான சான்றுகள் வரலாற்றில் ஏராளம். ஆயினும் அதே வரலாற்றில் மறுபக்கச் சான்றுகளும் உண்டு. அரசியல் உரிமை, படைபலம், கல்வி, செல்வம் ஆகிய எதுவும் கைக்கெட்டாத மக்கள், தம்மை நசுக்கும் ஆட்சியை எதிர்த்துப் பேசத் தேர்ந்த முதல் மொழி பெரும்பாலும் சமயத்தின் மொழியாகவே இருந்திருக்கிறது. 1699இல் ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங் கால்சாவை உருவாக்கியதும், 1850களில் சீனத்தில் மஞ்சு அரச மரபுக்கு எதிராகத் தைப்பிங் கிளர்ச்சி மூண்டதும், 1979இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்ததும் இவ்வகையில் சேர்த்து எண்ணத்தக்கவை. தமிழ் பேசும் நிலத்திலும் இத்தகைய எழுச்சி ஒன்று நிகழ்ந்தது. 1833இல் தென் திருவிதாங்கூரில் முத்துக்குட்டி என்னும் எளிய மனிதர் வைகுண்டராக வெளிப்பட்டதை ஒட்டி எழுந்த இயக்கமே அது. அது யாரிடமிருந்து யாரை விடுவித்தது என்னும் கேள்வியை முன்வைத்துச் சில செய்திகளைத் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

திருவிதாங்கூர் என்றதும் கன்னியாகுமரியும் நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சிலமலையிலோ போடிநாயக்கனூரிலோ நின்று மேற்கே நோக்குபவர் காணும் ஏலமலைத் தொடரின் மறுபுறமும் அந்த அரசின் நிலமாகத்தான் இருந்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைக்கப்படும் வரை, போடிமெட்டைத் தாண்டினால் மன்னரின் எல்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஏலக்காய் அங்கு அரசின் தனியுரிமைப் பொருள். மதுரைச் சீமையிலிருந்து மலையேறிக் காடு திருத்தி ஏலம் பயிரிட்டவர்கள், விளைந்ததை அரசின் பண்டசாலைக்கே ஒப்படைக்க வேண்டும். வெளியே விற்பது குற்றம். மிளகு, உப்பு, புகையிலை ஆகியவற்றுக்கும் இதே கதிதான். மலையில் ஏலத்தின் மீது கை வைத்த இவ்வாட்சிமுறை, தெற்கே தேரிக்காட்டில் பனையின் மீதும் பனையேறுபவர் உடம்பின் மீதும் கை வைத்தது. இந்த ஒற்றுமையைக் கருத்தில் கொண்டால் வைகுண்டர் எதிர்த்தது ஏதோ ஒரு மூலையின் உள்ளூர்க் கொடுமையை மட்டுமன்று என்பது புலப்படும்.

அன்றைய திருவிதாங்கூரில் இரண்டு அதிகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. 1795, 1805 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவரானார். ஆண்டுதோறும் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகை எட்டு இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. இச்சுமை பொறுக்காமல் திவான் வேலுத்தம்பி 1808-1809இல் கலகம் செய்தார். 1809 சனவரியில் அவர் குண்டறையில் வெளியிட்ட அறிக்கை அந்நிய ஆதிக்கத்துக்கு எதிரான ஆவணமாக இன்றும் போற்றப்படுகிறது. ஆனால் வெள்ளையர் வென்றால் கோயில்களும் சாதியொழுக்கங்களும் குலைந்துபோகும் என்னும் அச்சத்தை எழுப்பியே அவ்வறிக்கை மக்களைப் போருக்கு அழைத்தது. அந்நியனை விரட்டிய பின் எஞ்சப்போவது பழைய ஒழுங்கேயெனில், அவ்வொழுங்கின் அடியில் கிடந்தவனுக்கு அப்போரில் என்ன பங்கு? கலகம் தோற்றது, ஆரல்வாய்மொழிக் கோட்டை கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது, வேலுத்தம்பி மாண்டார். அதே 1809ஆம் ஆண்டில்தான், ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே, இன்று சுவாமித்தோப்பு என வழங்கும் சிற்றூரில், பொன்னுமாடன், வெயிலாள் இணையருக்கு ஒரு மகன் பிறந்தான்.

பெற்றோர் அவனுக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். பனையேறும் குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் எதிர்க்கவே, அப்பெயர் முத்துக்குட்டி என மாற்றப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. பெயரளவில் தொடங்கிய இத்தடை உடலெங்கும் நீண்டிருந்தது. நாடார் குலத்தினர் - அக்கால ஆவணங்களில் சாணார் - குடை பிடிக்கவோ செருப்பணியவோ கூடாது. மாடிவீடு கட்டலாகாது. பெண்கள் பொன்னணி பூணலாகாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கலாகாது, மார்பை மூடலாகாது. உயர்சாதியாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்ற அளவும் வகுக்கப்பட்டிருந்தது. இவற்றுக்கு மேல் தலைவரி, பனைவரி எனப் பல வரிகள், கூலியில்லாத ஊழியம். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தின் சுமையும் கடைசியில் இவர்கள் தோளிலேயே இறங்கியது. கொடுங்கோன்மையும் அந்நிய ஆதிக்கமும் தனித்தனி நோய்களல்ல என்பதை நூல்களில் படித்து அறிய வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

இந்நிலையில் ஒரே ஒரு வாயில் திறந்தது. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் சார்லஸ் மீட் முதலிய லண்டன் மிஷன் பாதிரிமார்கள் பள்ளிகளையும் அச்சகத்தையும் நிறுவினர். கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்ற சலுகை கிடைத்தது. ஆனால் அதுவும் கலவரங்களுக்கு இடையேதான். 1829இல் அரசு வெளியிட்ட அறிவிப்பு, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணிய இவர்களுக்கு உரிமையில்லை என்று மீண்டும் உறுதி செய்தது. மிஷனின் தொண்டு மறுக்க இயலாதது; இம்மக்களின் எழுத்தறிவுக்கு அதுவே அடிப்படை. எனினும் அன்று ஓர் ஏழையின் முன் இருந்தவை இரண்டே வழிகள்: மன்னரின் கீழ் இழிவைச் சுமப்பது, அல்லது வெள்ளையரின் நிழலில் ஒதுங்குவது. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று சொன்னதே வைகுண்டரின் புரட்சி.

1833 மாசி மாதத்தில், கொல்லம் ஆண்டு 1008இல், நோயுற்றிருந்த முத்துக்குட்டியைத் திருச்செந்தூர்த் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே கடலுள் சென்று மூன்றாம் நாள் வெளிவந்தவர், தாம் முத்துக்குட்டி அல்லர், வைகுண்டர் என்று அறிவித்தார் என்பது அவர் வழியினரின் நம்பிக்கை. சுவாமித்தோப்பில் அவர் ஆறாண்டுத் தவம் மேற்கொண்டார். அவரை நாடி மக்கள் திரண்டனர். திரண்ட கூட்டம் அரசை அச்சுறுத்தியது. சுவாதித் திருநாளின் ஆட்சியில் அவர் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டு, 1839இல் விடுவிக்கப்பட்டார். கர்நாடக இசை வரலாற்றில் அரிய புலவராகவும் பாடலாசிரியராகவும் நாம் கொண்டாடும் மன்னரும், ஓர் ஏழைத் துறவியைச் சிறையிட்ட மன்னரும் ஒருவரே என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இவ்வியக்கத்தின் கருத்துலகை அகிலத்திரட்டு அம்மானையில் காண்கிறோம். வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் 1841இல் எழுதியதாக மரபு கூறும் இந்நூல், ஏட்டிலேயே வாழ்ந்து 1939இல் அச்சேறியது. குறோணி என்னும் அரக்கன் ஆறு துண்டுகளாக வெட்டப்படுகிறான். அத்துண்டுகள் யுகந்தோறும் அசுரராகப் பிறக்கின்றன. இராவணனும் துரியோதனனும் அவ்வரிசையில் வருபவர்கள். கடைசித் துண்டு கலியன். புராணத்தின் வார்ப்பு நமக்குப் பழகியதுதான். ஆனால் புராணம் முடியும் இடத்தில் இந்நூல் நம் காலத்துக்குள் காலடி வைக்கிறது. கலியின் ஆட்சி எங்கோ வானுலகில் நடப்பதாக அது காட்டவில்லை. அனந்தபுரத்து மன்னன் கலிநீசன். கடல் கடந்து வந்த வெள்ளையன் வெண்ணீசன். வரிகளும் ஊழியமும் நூலுக்குள்ளேயே பேசப்படுகின்றன. தாழ்ந்தவர் என்று தள்ளப்பட்டவர்களுக்கு அது தரும் பெயர் சான்றோர். ‘நீசன்’ என்ற சொல் அதுவரை மேலிருந்து கீழ்நோக்கி எறியப்பட்டது. அகிலம் அதைக் கீழிருந்து மேல்நோக்கித் திருப்பியது. மன்னனையும் அந்நியனையும் ஒரே தட்டில் வைத்த இப்பார்வையை வேலுத்தம்பியின் அறிக்கையில் காண இயலாது. பாதிரிமார்களின் கடிதங்களிலும் எதிர்பார்க்க இயலாது. 1840களின் லண்டன் மிஷன் அறிக்கைகள் முத்துக்குட்டியின் வழியைத் தம் பணிக்கு எழுந்த தடையாகக் குறிப்பிடுவதும் இதனால்தான்.

சொல் மாறினால் போதாது, உடம்பும் மாற வேண்டும் என்பதை வைகுண்டர் நன்கு உணர்ந்திருந்தார். தலையில் துணி கட்டுவது மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையுடன் வழிபட வரச்செய்தார். நெற்றியில் சுடர் வடிவில் வெண்ணாமம் இட்டார். எல்லாரும் நீரெடுக்கும் முத்திரிக் கிணற்றைச் சுவாமித்தோப்பில் வெட்டுவித்தார். எழுநூறு குடும்பங்கள் கடலோரத்தில் கூடி வாழ்ந்து, நாளும் துவைத்துக் குளித்து, ஒன்றாகச் சமைத்துண்ட துவையல் தவசை நடத்துவித்தார். பலியும் பேய்வழிபாடும் மந்திரவாதமும் வேண்டாம் என்றார். அவற்றுக்குச் செலவான காசு ஏழையின் கையிலேயே நின்றது. ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் தோன்றின. அங்கே சிலை இல்லை. நிலைக்கண்ணாடி ஒன்று உண்டு. வழிபட வருபவர் அதில் தம் முகத்தையே காண்பார். விலகி நில் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டவருக்கு, தலைப்பாகை கட்டிய தம் உருவமே கருவறையில் தெரிந்தபோது ஏற்பட்ட அதிர்வை இன்று நாம் ஊகிக்க மட்டுமே முடியும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1927இல், நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவியது கேரள மறுமலர்ச்சியின் பெருநிகழ்வாகப் பேசப்படுகிறது. தெற்கே அதற்கு ஒரு முன்னோடி உண்டு என்பதையும் சேர்த்தே பேசுதல் தகும்.

இங்கே பிற எழுச்சிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கால்சாவும் தலைப்பாகையும் புதுப்பெயரும் தந்தே தன் மக்களை நிமிர்த்தியது. அத்துடன் வாளும் தந்தது. பஞ்சாபில் முகலாய, ஆப்கானிய ஆதிக்கம் ஒழிந்து 1801இல் ரஞ்சித் சிங் அரசராக முடிசூடினார். 1849இல் அவ்வரசு வெள்ளையர் வசமாயிற்று. தைப்பிங் தலைவர் ஹோங், வைகுண்டருக்கு நான்காண்டுகள் பின்னர், 1837இல், நோய்ப்படுக்கையில் தெய்வக்காட்சி கண்டவர். அவர் எழுப்பிய போரில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பிடுகின்றனர். ஈரானில் மன்னரும் அவருக்குப் பின்னிருந்த அந்நியப் பிடியும் அகன்றபின், அதிகாரம் மதகுருமார்களின் கைக்குச் சென்றது. வைகுண்டர் வாளும் தரவில்லை, அரசும் தேடவில்லை. தருமயுகத்தில் உலகை ஒரு குடைக்கீழ் ஆளப்போகும் மன்னராக அகிலம் அவரைப் பாடுகிறது என்பது உண்மை. ஆனால் நடைமுறையில் அவர் விட்டுச் சென்றவை ஒரு கிணறு, சில தாங்கல்கள், ஒரு கண்ணாடி ஆகியவையே. இடைத்தரகரான பூசாரி வர்க்கம் இல்லாத வழிபாட்டில் புதிய கொடுங்கோலன் அமர்வதற்கு இடம் குறைவு.

அப்படியெனில் விடுதலை வந்ததா? 1851இல் வைகுண்டர் மறைந்தபோது சட்டத்தில் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1858-59இல் தோள்சீலைக் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பின், 1859 சூலையில் கிறித்தவர், இந்து என்ற வேறுபாடின்றி நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற விலக்கு இருந்தது. கோயில் நுழைவு 1936இல்தான். ஆகவே மிஷனும் வெள்ளை ஆளுநரும் இல்லாமல் இவ்வாணைகள் வந்திருக்குமா என்று கேட்போரின் வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. எனினும் 1859இன் ஆணை இந்துப் பெண்களையும் உள்ளடக்கியதை எண்ணிப் பார்க்க வேண்டும். மதம் மாறாமலே நிமிர்ந்து நிற்கலாம் என்று கால் நூற்றாண்டாகப் பழகிய மக்கள் அங்கே இருந்தனர். அவர்களைச் சலுகைக்குப் புறத்தே நிறுத்துவது அதன்பின் எளிதன்று. ஆணையைப் பிறப்பித்தவர் மன்னர். பிறப்பிக்கச் செய்தவர் ஆளுநர். அந்த ஆணைக்கு உரியவராகத் தம்மை முன்னரே ஆக்கிக்கொண்டவர்கள் அம்மக்கள்.

இன்று வைகுண்டரைச் சுற்றி இழுபறி நடக்கிறது. அய்யாவழி தனிச் சமயமா, இந்து சமயத்தின் கிளையா என்பது ஒரு வழக்கு. அவர் அவதாரமா, சீர்திருத்தக்காரரா என்பது மற்றொன்று. ஒரு சாதியின் தலைவராக அவரைச் சுருக்கும் முயற்சியும் உண்டு. இவற்றுக்கிடையே தமிழ் கற்பிப்போரின் பிழை வேறு வகையானது. 19ஆம் நூற்றாண்டு இலக்கியம் என்றதும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வள்ளலாரும் வேதநாயகம் பிள்ளையும் நம் வகுப்பறைக்கு வந்துவிடுகின்றனர். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை கண்டதை உணர்ச்சியோடு சொல்கிறோம். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே கடற்கரையில் எழுநூறு குடும்பங்கள் கூடி உண்டதைச் சொல்வதில்லை. பதினையாயிரம் அடிகளைக் கடந்த ஓர் அம்மானை, தன் காலத்து மன்னனையும் அந்நியனையும் பெயர் சுட்டி எதிர்க்கிறது. இத்தகைய நூல் பக்தர்களின் வாசிப்புக்கு மட்டும் உரியதாக ஒதுக்கப்படுவது தமிழ் இலக்கிய வரலாற்றுக்கே இழப்பு. திருஏடு வாசிப்புத் திருநாட்களில் அதைச் செவியால் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்ட முதியவர்கள் தென்மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். நம் மாணவர்களை அவர்களிடம் அனுப்பிவைப்பதிலிருந்து தொடங்கலாம்.