டால்பின் பராமரிப்பு: தொட்டியிலிருந்து கால்வாய்க்கு

1990களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குக் காட்சிக்கெனக் கொணரப்பட்ட வெளிநாட்டு டால்பின்கள் சில மாதங்களிலேயே மாண்டன. 2013 மே மாதம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதியளிக்க வேண்டாமென மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. சிறைவாழ்வு அவற்றின் உயிருக்கே கேடாகலாம் என்பது அதன் வாதம். எனவே, மீனூட்டி வித்தை பழக்கும் தொழில் இங்கு வேரூன்றவில்லை. நேரடிப் பட்டறிவோ நன்னீரில் வளர்ந்தது. உத்தரப்பிரதேசப் பாசனக் கால்வாய்களில் நீர் வற்றுகையில் சிக்கிக்கொள்ளும் கங்கை டால்பின்களை வலையிட்டுப் பிடித்து, தோல் உலராமல் நனைத்தபடி மீட்புக் குழுவினர் ஆற்றில் சேர்க்கின்றனர். 2024 டிசம்பரில் அசாமில் முதன்முறையாகக் கங்கை டால்பின் ஒன்று செயற்கைக்கோள் குறிகருவி பொருத்தி விடுவிக்கப்பட்டது. இப்பணியில் பயிற்சி முழுவதும் மனிதருக்கே. விலங்கின் பங்கு நீந்திச் செல்வது மட்டுமே.