கொட்டகைக்கு வந்த டூக்கோ

காருக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில் திருக்கோவிலூர் மாதிரி சின்ன ஊர்களுக்கு வந்து சேர்ந்ததே வெடிமருந்தின் புண்ணியத்தில்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இதுதான் பிழைப்பு. இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பிரித்துப் போட்டு, எனக்கே எனக்காகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கார் வந்த புதிதில் அதற்கென்று தனியாகப் பெயிண்ட் கிடையாது. சென்னை சிம்சன் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கியது. 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றையும் கட்டியது. அந்தக் காலத்துக் கார்களின் பூச்சும் சாரட்டுப் பூச்சுதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம், அதன் மேல் வார்னிஷ், எல்லாம் பிரஷ் வேலை. ஒரு கோட்டு முழுக்கக் காயாமல் அடுத்ததில் கை வைக்க முடியாது. காய்ந்ததைத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, ஒரு வண்டி வெளியே போக வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் தூசி நுழையாத அறை வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்டு இதற்கு வேறு வழி கண்டார். 1914 முதல் 1925 வரை மாடல் டி கார் கறுப்பில் மட்டும்தான் வந்தது. அந்தக் கறுப்பு எனாமலைச் சூளையில் சூடேற்றிச் சீக்கிரம் உலர்த்திவிடுவார்கள். அறையோ சூளையோ, இரண்டும் பணக்காரக் கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும்.

இதை மாற்றியதுதான் நான் முதலில் சொன்ன வெடிமருந்து. பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். புகையில்லாத வெடிமருந்து அதுதான். பழைய சினிமா பிலிமும் அதுதான். அதனால்தான் அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் புரொஜெக்டர் அறையில் பீடி என்றாலே பதறினார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் டூபாண்ட் கம்பெனி கையில் வெடிமருந்துச் சரக்கும் ஆலையும் வேலையில்லாமல் நின்றன. 1920 ஜூலையில் நியூஜெர்சி மாநிலம் பார்லினில் உள்ள அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில், பிலிமுக்காக வைத்திருந்த கரைசல் ஒன்று எதிர்பாராமல் நீர்த்துப்போனது. நீர்த்த கரைசலில் வண்ணப்பொடியை நிறையக் கலக்கலாம், ஸ்ப்ரே கன்னிலும் அடிக்கலாம், நிமிஷக் கணக்கில் காயும். அதற்கு டூக்கோ என்று பெயர் வைத்தார்கள். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய ஓக்லாண்டு காரை நீல நிற டூக்கோவில் கொண்டுவந்தது. அதோடு வாரக்கணக்கு வேலை நாள்கணக்குக்கு இறங்கியது.

கன் வந்த கதையும் சுவாரசியமானது. ஒஹாயோவில் டிவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். 1907-ல் அவருடைய மகன் அதே உத்தியில் பெயிண்ட் தெளிக்கும் கன்னை உருவாக்கினார்.

இந்த இரண்டும் சேர்ந்ததும் பெயிண்டருக்கு மாளிகை தேவையில்லாமல் போயிற்று. டூக்கோ காற்றிலேயே காய்கிறது, சூளை வேண்டாம். சட்டென்று காய்வதால் தூசி உட்காரவும் அவகாசமில்லை. உட்கார்ந்தாலும் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும். புதுக் கோட்டில் இருக்கும் தின்னர் பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்து, இரண்டும் ஒன்றாகிவிடும்; ஆகவே ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. ஊருக்குக் கரண்ட் வந்து, பஞ்சர் கடையில் ஒரு கம்ப்ரஸரும் வந்துவிட்டால் போதும். நாங்கள் தொழில் பழகியது அப்படித்தான். கடைக்காரர் இரவு ஷட்டர் போடும் நேரத்தில் ஹோஸை இழுத்துவந்து அடிப்போம்.

கன்னைக் கையில் தருவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் பட்டி பார்க்க விட்டார் எங்கள் மேஸ்திரி. பட்டியைத் தகட்டில் இழுத்து, காயவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றித்தான் தேய்ப்போம். விரலால் தேய்த்தால் விரல் வாகுக்குப் பள்ளம் விழும். தேய்த்து முடித்ததும் வந்து, "லைட்ட அணைச்சிட்டுத் தடவிப் பாருடா" என்பார். உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பனியன் துணியை வைத்து இருட்டில் தடவினால், கண்ணுக்குத் தப்பிய மேடு கைக்கு அகப்படும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கவே விடமாட்டார். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும், பளபளப்பு போய் மேலெல்லாம் வெள்ளை பூத்துவிடும். ரிடார்டர் கலந்தால் சமாளிக்கலாம். ஆனால் மெதுவாகக் காயும், தூசி பிடிக்கும். எங்கள் ஊரில் தூசிக்கா பஞ்சம்? ஆடியில் பெண்ணையாற்று மணல். காற்று திரும்பினால் அக்கரையில் அரகண்டநல்லூர்ப் பக்கமிருந்து உமிச் சாம்பல்.

ஹெரால்டுக்கு வருகிறேன். வீட்டில் வைத்து அடிப்பதற்கென்றே செய்த கார் இது என்று சொல்வேன். காரணம் ஒரு வியாபாரச் சண்டை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்துதர ஆள் இல்லை. அதனால் தனிச் சேஸிஸ் போட்டு, பல இடங்களில் அடித்து வாங்கிய துண்டுகளைப் போல்ட்டால் முடுக்கி 1959-ல் ஹெரால்டை விட்டார்கள். வடிவம் தந்தவர் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. 1961-ல் அது நம் வண்டலூர்த் தொழிற்சாலைக்கு வந்தது. முன்மூக்கு முழுக்க ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். சேஸிஸும் பாடியும் ஒன்றேயான மோனோகாக் அம்பாசடரில் பாடியின் பெரும்பகுதியை முழுதாக வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஹெரால்டில் பானெட்டை, டிக்கி மூடியை, கதவைத் தனித்தனியாகக் கழற்றி, ஸ்டூலில் சாய்த்து, ஒரு நாளைக்கு ஒன்றாக அடிக்கலாம். ஒரு ஹார்ஸ்பவர் கம்ப்ரஸரே போதும். அடிக்கிற நாளில் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. தின்னர் ஆவி அப்படிப்பட்டது. டிபன் கடையில்தான்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அடுத்தடுத்து வந்த கார்களில் மெட்டாலிக் நிறமும் அதன் மேல் கிளியர் கோட்டும் வழக்கமாயின. டூக்கோவை வைத்து அந்த மினுக்கத்துக்கு மேட்ச் செய்ய முடியவில்லை. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் அந்த இடத்தைப் பிடித்தது. அது மட்டம் என்று சொன்னால் நான் பொய்யன். பாலிஷ் போடாமலே பளபளக்கும், பெட்ரோல் சிந்தினாலும் கறை நிற்காது. டூக்கோ வெயிலில் மங்கும். பல கோட்டு ஏற்றினால் நாளடைவில் வெடிப்பு விடும். ஆனால் டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பூத்தும் வேண்டும். பழையபடி அறை வைத்திருப்பவனுக்கே வேலை என்றாயிற்று. என்னோடு பழகியவர்களில் பலர் கதவுக்கும் கட்டிலுக்கும் பெயிண்ட் அடிக்கப் போனார்கள்.

டூக்கோவும் அங்கேதான் போயிருக்கிறது. இப்போது இந்தச் சரக்கு பெரும்பாலும் பீரோ, அலமாரி வேலைக்குத்தான் விற்பனையாகிறது. ஹெரால்டுக்கு வேண்டிய கிரீம் நிறத்தைக் கார் பெயிண்ட் கடைகளில் கேட்டால் டூ-கேயைத்தான் நீட்டினார்கள். கடைசியில் பிளைவுட் விற்கும் கடையில் வெள்ளை டின் வாங்கி, மஞ்சளும் துளி கறுப்பும் விட்டு நானே கலக்கினேன். பானெட்டும் டிக்கி மூடியும் முடிந்துவிட்டன. கதவுகளுக்குப் பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன். மாசி பிறந்து காலைப் பனி விட்டதும் அவற்றுக்கு கிரீம் அடிக்க வேண்டும்.