அனுபவ பாத்தியம்

பழைய சொத்துப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இரண்டு தொடர்கள் தெரிந்திருக்கும். ஒன்று ‘சர்வ சுதந்திர பாத்தியம்’. அப்படி எழுதிய சொத்தை விற்கலாம், அடகு வைக்கலாம், தானம் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். மற்றது ‘ஆயுள்கால அனுபவ பாத்தியம்’. உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கலாம், அந்த நிலத்தின் விளைச்சலைச் சாப்பிடலாம். தன் விருப்பப்படி விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ முடியாது. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்களுக்குக் கொடுத்தது ஏறக்குறைய இந்த இரண்டாவது வகை உரிமையைத்தான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் அதை முழு உரிமையாக்கியது.

மாதச் சந்தா கட்டிச் செயலியில் பாட்டுக் கேட்கிற நமக்கு இருப்பதும் அனுபவ பாத்தியம்தான். சந்தா உள்ளவரை கேட்கலாம். தோழிக்கு இரவல் தர முடியாது, மகளுக்கு விட்டுப் போக முடியாது. தட்டும் கேசட்டும் உயர்ந்தவையா, செயலி உயர்ந்ததா என்ற விவாதம் பெரும்பாலும் ஒலித்தரத்தைப் பற்றியே நடக்கிறது. சேகரிப்பாளர்களின் ஏக்கமும் அதில் கலந்திருக்கிறது. பெண்கள் பக்கம் நின்று பார்த்தால் கேட்க வேண்டியவை வேறு. பாடியவள் யார்? அந்தப் பாட்டு யார் கையில் இருந்தது? அதைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது?

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமஃபோன் கம்பெனிக்காகப் பாடினார். பதிவு செய்தவர் பிரெட் கெய்ஸ்பெர்க். மூலப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய், அங்கே தட்டுகளாக அச்சாகித் திரும்பின. அங்கே வேலை செய்தவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பாட்டின் முடிவில் பெயர் சொல்லும் வழக்கம் வந்தது என்பார்கள். கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்த குரலில் சொல்லி முடித்தார். அலகாபாத் ஜானகிபாயின் தட்டுகளிலும் இப்படியே பெயர் கேட்கும். ஒரு தொழிற்சாலையின் வசதிக்காக வந்த ஏற்பாடு அது. ஆனால் அதனால் பெண்ணின் பெயர் தட்டின் வரிகளிலேயே பதிந்துவிட்டது. லேபிள் கிழிந்தாலும் பெயர் போகாது.

தென்னாட்டிலும் தொடக்ககாலத் தட்டுகளில் நிறையப் பாடியவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று ஊரும் பேருமாக அவர்கள் தட்டில் நின்றார்கள். பெரிய வித்துவான்கள் பலர் அந்த இயந்திரத்தின் முன் பாடத் தயங்கிய காலம் அது. பாட்டே பிழைப்பாக இருந்த இந்தப் பெண்கள் மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தின் உருவைக் காட்டக் கற்றுக்கொண்டார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், தாயியின் பாட்டில் மனம் பறிகொடுத்து, அதைத் தழுவி ‘ராகமாலிகா’ என்ற பாடலைக் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார்.

அதே ஆண்டுகளில் இந்தப் பெண்களுக்கு மேடை குறுகிக்கொண்டே வந்தது. தம் சொந்தச் சம்பாத்தியத்தைச் செலவழித்துத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பிய நாகரத்தினம்மாளே அங்கே பெண்கள் பாடுவதற்காகப் போராட வேண்டியிருந்தது. 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் கொடுமை நின்றது நல்லது. ஆனால் அந்தக் குடும்பங்களின் கலையை எடுத்துக்கொண்ட சமூகம் அவர்களுடைய பெயர்களைச் சொல்லக் கூசியது. பேத்திகள்கூடப் பாட்டியின் தொழிலை மறைத்து வாழ நேர்ந்தது. அப்போதும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த அரக்குத் தட்டில் அந்தப் பெயர் இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி தம் பத்தாம் வயதில், 1926இல், முதல் தட்டைக் கொடுத்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளில் ஒன்று மதுரை, மற்றொன்று அவருடைய தாய் சண்முகவடிவு. தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட மரபு ஒன்று நம்மிடையே இருந்தது என்பதற்கு ஒவ்வொரு எம்.எஸ். தட்டும் சாட்சி.

இதற்காகத் தட்டுகளின் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. நாய்ப் படம் போட்ட தட்டில் பெண்ணின் குரல் சுழலும். மேலே ‘எசமானின் குரல்’ என்று பொருள்படும் கம்பெனிப் பெயர் இருக்கும். அந்தப் பெயர் தன்னை அறியாமலே உண்மையைச் சொன்னது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமையாளர் அதைத் தயாரித்தவர். பாடியவருக்கென்று தனி உரிமை வந்தது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகைக்கு வழி பிறந்தது 2012இல். கேட்ட பெண்களின் நிலையும் பெரிதாக வேறில்லை. கிராமஃபோன் பெட்டி வசதியுள்ள வீட்டுக் கூடத்தில் இருந்தது. எந்தத் தட்டைப் போடுவது என்று ஆண்கள் முடிவு செய்தார்கள். பெண்கள் அடுக்களையிலிருந்து கேட்டார்கள்.

இந்த நிலையைக் கொஞ்சம் அசைத்தது கேசட். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் டேப் ரிக்கார்டர் சாதாரண வீடுகளுக்குள் வந்தது. வளைகுடாவுக்குப் போன கணவர்களுக்கு, எழுதத் தெரியாத மனைவிகள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள். தட்டில் இல்லாத ஒரு வசதி இதில் இருந்தது. நாமே பதியலாம், நாமே அழிக்கலாம். கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதில் வேறு எதையும் பதிய முடியாது. உடைந்த இடத்தில் காகிதத்தை ஒட்டினால் மறுபடி பதியலாம்.

என் அம்மா இரண்டையும் செய்தவர். அப்பாவின் சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றில் காகிதம் ஒட்டி, அதன்மேல் அம்மாச்சியின் பாட்டுகளைப் பதிந்தார். தாலாட்டை வீட்டுக்குள்ளேயே பதிந்தார்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பதால் அதற்காக மாட்டுத்தொழுவத்துக்குப் போனார்கள். ஒப்பாரிக்கு நடுவே எருமை கத்துவது இன்றும் கேட்கிறது. பதிந்து முடித்ததும் அம்மா காகிதத்தைக் கிழித்துவிட்டார். எங்கள் வீட்டில் நிலமும் நகையும் யார் பெயரில் இருந்தன என்பது வேறு கதை. அந்தக் கேசட் அம்மாவுடையது. அதை அவர் எனக்குக் கொடுத்தார்.

இனி செயலிக்கு வருவோம். அது பெண்களுக்குத் தந்ததைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. விடுதி அறையில் காதில் இயர்ஃபோன் மாட்டிய ஒரு பெண் என்ன கேட்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கூடத்துப் பெட்டியின் காலத்தில் இந்தத் தனிமை கிடையாது. அறுபது ஆண்டுப் பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இணையத்தில் ஏற்றுகிறார்கள். அதனால்தான் சிற்றூரிலிருந்து வரும் என் மாணவி வீணை தனம்மாளை வகுப்பறையிலேயே கேட்க முடிகிறது.

ஆனால் இவை எதுவும் நம் வசம் இல்லை. 2023 மார்ச்சில் உரிம ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததும் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே வீச்சில் மறைந்தன. 2024இல் விங்க் மியூசிக் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கணக்கில் அங்கே பட்டியல் சேர்த்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வகுப்பில் ஒருமுறை கேட்டேன், நீங்கள் பாட்டுக் கேட்கும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று. அண்ணன், அப்பா, ‘அவர்’ என்று பதில்கள் வந்தன. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். பெயரும் நழுவுகிறது. திரையில் படத்தின் பெயரும் நாயகனின் முகமும் இசையமைப்பாளர் பெயரும் முதலில் தெரிகின்றன. பாடியவளைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஊர்ப் பெண்களின் பாட்டு என்றால் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற ஒரே சொல்லில் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள்.

செயலியை அழித்துவிட்டுக் கிராமஃபோன் வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்பதற்கு அனுபவ பாத்தியம் போதும். வரலாற்றுக்கு அது போதாது. நம் வீட்டுப் பெண்களின் குரலில் எது இருக்கிறதோ அதையாவது பிரதி எடுத்து, இரண்டு இடங்களில் வைத்து, யாருக்கு என்று சொல்லி வைக்க வேண்டும். கூடவே பெயரையும் எழுத வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

அம்மாவின் கேசட்டைக் கணினிக்கு மாற்றக் கொடுத்தபோது, கடைக்காரர் அதை என்ன பெயரில் சேமிப்பது என்று கேட்டார். உறையைப் பார்த்தேன். பந்துமுனைப் பேனாவில் ‘அம்மா பாட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அடுத்து வருகிறவர்களுக்குப் போதாது. அம்மாச்சியின் முழுப் பெயரையும், ஊரையும், அவருடைய தாயின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.